ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, மூன்று பம்பையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

தூரப்பயணி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 9 வருடம் ஆன பெட்ரோல் கார், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், ஓடியது 1,30,000 கிலோமீட்டர் சொச்சம். ஒரு மாதமாக ஒரு தொந்தரவு. மெதுவாக ஓட்டினால் எந்தக் குறையும் தெரியவில்லை, ஐட்லிங்கும் சீராக இருக்கிறது, ஆனால் 90-ஐத் தாண்டி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னால் இருந்து யாரோ பிடித்து வைத்திருப்பது போல வண்டி தயங்குகிறது. நான்கு பேர் ஏறி, ஏசியும் போட்டு, நீளமான ஏற்றத்தில் போனால் இரண்டு மூன்று முறை வெட்டி இழுக்கிறது. காலை எடுத்துவிட்டு மறுபடி மெதுவாகக் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. காலையில் மட்டும் செல்ஃப் கொஞ்சம் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேன் செய்ததில் பி0171 என்று வந்தது, அதாவது பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, பலன் இல்லை. ஃப்யூயல் பம்ப் வீக் ஆகிவிட்டது, டாங்குக்குள் இருக்கும் செட்டை முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

இதோடு விட்டிருந்தால் நானே மாற்றியிருப்பேன். நீண்ட தூரம் ஓடிவிட்டு சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு ஒரு நொடி மினுக்கியது என்று சொன்னேன், உடனே ஆயில் பம்பும் போகப் போகிறது என்றார். வாட்டர் பம்புக்குக் கீழே ரோஸ் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது, அதையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார். அவர் நல்ல மனிதர்தான், ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் மூன்று பம்பும் ஒரே மாதத்தில் போகுமா? இந்த பம்புகள் இன்ஜினின் இழுவையை உண்மையில் எவ்வளவு பாதிக்கின்றன? மாற்றுவதற்கு முன்னால் நான் எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஸ்பேனர்கை:

வணக்கம் நண்பரே. இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன், கழற்றிப் போட்ட பம்புகளில் பாதிக்கு மேல் நல்ல பம்புகள் என்பதை நானே பார்த்திருக்கிறேன், ஆரம்ப காலத்தில் நானும் அப்படிக் கழற்றிப் போட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். பம்ப் தருவது ஓட்டம். பிரஷர் என்பது அந்த ஓட்டத்துக்கு எதிர்ப்பு வரும்போதுதான் பிறக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதுதான். விரலை எடுத்தால் அதே குழாய், அதே தண்ணீர், ஆனால் வேகம் இல்லை. பிரஷர் குறைந்துவிட்டது என்றால் பம்ப் குறைவாகத் தள்ளலாம், பம்புக்குள் வரும் வழி அடைத்திருக்கலாம், அல்லது வெளியே போகும் வழி அளவுக்கு மேல் திறந்து கிடக்கலாம். இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் பம்பை மாற்றுவது நாணயம் சுண்டிப் பார்ப்பது போலத்தான்.

உங்கள் ஃப்யூயல் பம்புக்கு வருகிறேன். டாங்குக்குள் பெட்ரோலில் முங்கிக் கிடக்கும் சின்ன மின்மோட்டார் அது. உங்கள் வண்டி போன்ற சாதாரண இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு 3 முதல் 4 பார் வரை பிரஷர் தர வேண்டும், சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஐட்லிங்கில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் மிகக் கொஞ்சம், அதனால் சோர்ந்துபோன பம்பும் அப்போது சமாளித்துவிடும். முழு மிதி மிதித்து ஏற்றம் ஏறும்போது தேவை பல மடங்கு கூடுகிறது, அங்கேதான் கை விரிக்கிறது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தால் எவ்வளவு பெட்ரோல் போகும் என்று ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கணக்குப் போடுவதே பிரஷர் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை பொய்த்தால் சிலிண்டருக்குள் கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆகிறது, எரிதல் தடுமாறுகிறது, வண்டி வெட்டுகிறது. அப்படியே தொடர்ந்து ஓட்டினால் நாக்கிங் (கலவை தன்னால் வெடித்துத் தட்டுவது) வரும், பிஸ்டனில் சூடு ஏறும், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுக்கும். ஆகவே உங்கள் தொந்தரவு சின்னது இல்லை, தள்ளிப் போடாதீர்கள். ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு மாற்றுங்கள்.

ஸ்கேனர் மறுபடி கிடைத்தால் பி0171 மாதிரி பிழை எண்ணை மட்டும் பார்க்காமல் ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்ணையும் பாருங்கள். வண்டி நின்றிருக்கும்போது ஐட்லிங்கில் ட்ரிம் எண் பிளஸ் 15, 20 என்று ஏறி நின்று, ஆர்பிஎம் ஏற்றினால் குறைந்து வந்தால், எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, இன்டேக் பக்கம் ஹோஸ் கிழிந்திருக்கும், பம்புக்கு அதில் வேலையே இல்லை. ஐட்லிங்கில் சரியாக இருந்து, லோடு கொடுக்கக் கொடுக்க பிளஸ் பக்கம் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்காகி இருந்தாலும் இதே மாதிரி காட்டும், அதைச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது பிரஷர் கேஜ். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துத் தரும் குழாயான ரெயிலில் மாட்டி, கேஜ் கண்ணில் படும்படி வைத்து, ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் மட்டும் பார்த்துவிட்டு பம்ப் நல்லது என்று சொல்வதும் தப்பு, கெட்டது என்று சொல்வதும் தப்பு. லைனைக் கழற்றும்போது பிரஷரை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள், பக்கத்தில் பொறி வரும் எதுவும் கூடாது, தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதைச் செய்து பழக்கம் இல்லாதவர் கூட ஒருவரை வைத்துக்கொள்ளாமல் தொடவே வேண்டாம்.

அப்புறம் எல்லோரும் மறப்பது வயரிங். பம்ப் மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் ஓட்டம் குறையும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, பம்ப் கனெக்டரில் 13.5 இருந்தால் சந்தோஷம். 11, 12 என்று காட்டினால் நடுவில் எங்கோ ரிலே, கனெக்டர், அல்லது எர்த் வயர் வோல்டேஜைத் தின்கிறது. கனெக்டரைக் கழற்றிவிட்டு அளக்காதீர்கள், கரண்ட் பாயாதபோது எல்லாமே 12 வோல்ட் என்றுதான் காட்டும். மாட்டியபடியே, பம்ப் ஓடும்போதே பின்பக்கமாக மீட்டரின் முள்ளைக் கொடுத்து அளக்க வேண்டும். எர்த் பக்கம் பேட்டரி மைனஸுக்கும் பம்ப் மைனஸுக்கும் நடுவே 0.2 வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது. சில புது வண்டிகளில் பம்பின் வேகத்தையே ஒரு கன்ட்ரோல் மாட்யூல் கூட்டிக் குறைக்கும், அவற்றில் இந்தக் கணக்கு அப்படியே ஒத்து வராது. உங்கள் வண்டியில் சாதாரண ரிலேதான் என்று நினைக்கிறேன், வயரிங் படத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்ப் அடியில் வலை மாதிரி ஒரு ஸ்ட்ரெயினர் இருக்கும். டாங்கில் எப்போதும் ரிசர்வ் அளவே வைத்து ஓட்டுகிறவர்களுடைய ஸ்ட்ரெயினரை எடுத்துப் பாருங்கள், வெள்ளையாக இருந்தது சாக்கு நிறத்தில் இருக்கும். பெட்ரோல்தான் அந்த மோட்டாருக்கு ஆயிலும் கூலண்டும். குறைவாக வைத்து ஓட்டினால் மோட்டார் சூடாகிறது, அடியில் இருக்கும் குப்பையும் அதன் வாய்க்கே வருகிறது. கால் டாங்க் எப்போதும் இருக்கட்டும்.

காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருப்பது வேறு கதை. பம்பின் வாயில் ஒரு செக் வால்வ் உண்டு, வண்டியை நிறுத்திய பிறகும் லைனில் பிரஷரைப் பிடித்து வைப்பது அது. அது கசிந்தால் இரவோடு இரவாக லைன் காலியாகிவிடும். சாவியை ஆன் போட்டால் பம்ப் இரண்டு நொடி ஓடி நிற்கும், பின் சீட் பக்கம் காதை வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அப்படி இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்துக்கொண்டால் செக் வால்வோ, கசியும் இன்ஜெக்டரோதான்.

ஆயில் விளக்கு பற்றி. அந்த விளக்கு மிகவும் தாமதமாக எரியும் விளக்கு, பல வண்டிகளில் 0.5 பாருக்குக் கீழே போனால்தான் எரிகிறது. அதனால் மினுக்கியதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஆயில் பம்ப் என்பது கிராங்க் சுற்றும்போது சுற்றும் இரண்டு பல்சக்கரம், ஆயிலிலேயே ஊறிக் கிடப்பது, சும்மா தேயாது. முதலில் டிப்ஸ்டிக். அடுத்து என்ன கிரேடு ஊற்றினீர்கள் என்று பாருங்கள். பிறகு ஆயில் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளக்கச் சொல்லுங்கள். பழைய தலைமுறை மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு, ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார். எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது, ஆனாலும் தோராயமாகப் பார்க்க உதவும். கேஜிலும் குறைவு என்றால் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றி ஸ்ட்ரெயினரைப் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டிகளில் அதில் கறுப்புத் தார் மாதிரி படிந்திருக்கும். ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில் பெல்டின் ரப்பர் துணுக்குகள் வந்து அடைத்துக்கொள்ளும். அதுவும் சுத்தம் என்றால் பேரிங் தேய்ந்திருக்கும், அந்த இடைவெளி வழியாக ஆயில் ஓடிவிடுகிறது. ஹோஸில் விரலை எடுத்த கதை அதுதான். அங்கே புது பம்ப் போட்டால் கொஞ்ச நாள் விளக்கு எரியாது, அவ்வளவுதான், பேரிங் பேரிங்காகவே இருக்கும்.

வாட்டர் பம்ப் மட்டும் கறை இருந்தால் மாற்றுங்கள், அதில் யோசிக்க வேண்டாம்.

---

நேர்கோடு:

1,30,000 ஓடிவிட்டது, ஒன்பது வருடம். பம்பின் ஆயுள் அவ்வளவுதான். கேஜ், மீட்டர் என்று அலைவதற்குப் பதில் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். என் வண்டியில் அப்படித்தான் செய்தேன், இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை.

---

ஸ்பேனர்கை:

உங்களுக்குச் சரியாகியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் நண்பரே, வயரிங் சூடாகி வோல்டேஜ் குறைந்த வண்டியில் புது பம்ப் போட்டால் முதல் சில மாதம் நன்றாக ஓடும், புது மோட்டார் குறைந்த வோல்டேஜிலும் சமாளிக்கும். அப்புறம் அதே வெட்டு. அப்போது பம்ப் டூப்ளிகேட் என்று பழி வரும். 2,00,000 தாண்டியும் முதல் பம்பிலேயே ஓடும் வண்டிகள் என்னிடம் வருகின்றன. கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

---

நீர்வழி:

வாட்டர் பம்ப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை, நான் பட்டதைச் சொல்கிறேன்.

என் வண்டி நெடுஞ்சாலையில் மட்டும் சூடாகும். நகர நெரிசலில் மணிக்கணக்கில் நின்றாலும் முள் நடுவில்தான் நிற்கும், 100-இல் பத்து நிமிடம் போனால் மெல்ல மேலே ஏறும். தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், இரண்டு தடவை. ரேடியேட்டர் கேப் மாற்றினார்கள். பிறகு ரேடியேட்டரையே மாற்றினார்கள். எங்கேயும் கசிவு இல்லை, சத்தம் இல்லை, புல்லியை ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இல்லை, அதனால் பம்ப் நல்லது என்றே எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். கடைசியில் வேறு ஒருவர் பம்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். புல்லியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே கூலண்டைத் தள்ளும் பிளாஸ்டிக் இம்பெல்லரை இன்னொரு கையின் இரண்டு விரலால் திருகினேன். தனியாகச் சுற்றியது. தண்டில் மாட்டியிருக்கும் இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். மெதுவாகச் சுற்றும்போது தண்டோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், வேகம் எடுத்து சுமை வந்தால் வழுக்கிவிடும். அந்தப் பிளாஸ்டிக் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து கற்றது. நிற்கும்போது சூடாகி ஓடும்போது ஆறினால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது கூலண்ட் ஓட்டம் குறைவு. குளிருக்கு ஹீட்டர் போடுகிறவர்களுக்கு இன்னொரு துப்பு உண்டு, இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலண்ட் சுற்றவில்லை, அல்லது மட்டம் குறைந்துவிட்டது.

இதற்கும் இழுவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர் யோசிக்கலாம். நிறைய இருக்கிறது. இன்ஜின் சூடு ஏறினால் நாக்கிங் வராமல் இருக்க ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது, பவர் குறைகிறது. சில வண்டிகளில் ஏசி கம்ப்ரஸரையும் நிறுத்திவிடும். வண்டி மந்தமாகிவிட்டதே என்று நான் பிளக் மாற்றிக்கொண்டிருந்தேன், காரணம் முன்னால் பம்பில் இருந்தது.

டேஷ்போர்டு முள்ளை முழுசாக நம்ப வேண்டாம். பல வண்டிகளில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள், அது நகர ஆரம்பித்தால் ஏற்கெனவே தாமதம். கூலண்ட் முழுக்கப் போய்விட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், அப்போது முள் கீழே இறங்கினாலும் இறங்கும், ஹெட் மட்டும் வெந்துகொண்டிருக்கும். முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு கேப்பைத் திறக்காதீர்கள். சுமார் 1 பார் கேப் போட்ட சிஸ்டத்தில் கூலண்ட் 120 டிகிரிக்கு மேல் போனாலும் கொதிக்காமல் பிரஷரில் அடங்கிக் கிடக்கும், கேப்பைத் திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

தூரப்பயணிக்கு: பம்ப் உடம்பில் கீழ்ப்பக்கம் பார்த்து ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சீல் கசிய ஆரம்பித்தால் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டுவதற்காகவே வைத்தது. அதைச் சுற்றித்தான் அந்த ரோஸ் கறை என்றால் மெக்கானிக் சொன்னது சரி, சீல் முடிந்தது. உங்கள் பம்ப் டைமிங் பெல்டால் சுற்றுகிறதா, வெளி பெல்டால் சுற்றுகிறதா என்று கேளுங்கள். டைமிங் பெல்ட் என்றால் பெல்டையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள், கழற்றும் வேலை ஒன்றுதான். பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட் அறும், பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வ் பிஸ்டனில் போய் இடிக்கும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டாதீர்கள், துருவும் உப்பும் சேர்ந்து சீலை அரைத்துவிடும். இரண்டு விதக் கூலண்டைக் கலக்கவும் வேண்டாம், சில கலவைகள் கூழ் மாதிரி ஆகிவிடும்.

---

பழையடீசல்:

கேள்வி பெட்ரோல் வண்டி பற்றி என்றாலும் டீசல் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். டீசலில் பம்ப் கெட்டால் சேதம் பம்போடு நிற்காது.

காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஹை பிரஷர் குழாயில் இருந்து டீசல் தரும் முறை) முதல் முதலில் காரில் வந்தது 1997-இல், ஆல்ஃபா ரோமியோ 156 மாடலில். இன்றைய இன்ஜின்களில் ரெயில் பிரஷர் 2000 பார் வரையும் அதற்கு மேலும் போகிறது. தூரப்பயணியின் பெட்ரோல் காரில் 4 பார் என்று பார்த்தோம், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு பிரஷரை உண்டாக்கும் ஹை பிரஷர் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, டீசலின் வழவழப்பில்தான் அது உயிர் வாழ்கிறது. தப்பித் தவறி பெட்ரோல் போட்டுவிட்டால் அந்த வழவழப்பு போய்விடும், உலோகம் உலோகத்தில் உரசும், உரசிய துகள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் திரும்பி டாங்குக்கும் போகும். ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் ஜிகினா தூவியது போல மின்னும். அதைப் பார்த்த நாள் எனக்கு மறக்கவில்லை, பம்ப், நான்கு இன்ஜெக்டர், ரெயில், பைப் எல்லாம் மாற்ற வேண்டி வந்தது. பெட்ரோல் போட்டது தெரிந்துவிட்டால் சாவியை ஆன் கூடப் போடாதீர்கள், ஆன் போட்டாலே பல வண்டிகளில் டாங்க் பம்ப் ஓடி அதை முன்னால் அனுப்பிவிடும். தள்ளி ஓரம் கட்டி டாங்கைக் காலி செய்யுங்கள்.

ஸ்பேனர்கை சொன்ன விரல் கதை டீசலில் இன்னும் பொருந்தும். ஸ்டார்ட் ஆகவில்லை, ரெயிலில் பிரஷர் ஏறவில்லை, ஸ்கேனரில் பி0087 என்று வந்தால் உடனே ஹை பிரஷர் பம்ப் என்பார்கள். இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். மூன்று பாட்டிலில் அடியில் கொஞ்சம், நான்காவதில் பாதிக்கு மேல் என்றால் அந்த ஒரு இன்ஜெக்டர் பம்ப் தருவதையெல்லாம் திருப்பி அனுப்புகிறது. பம்ப் பாவம், தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. டீசல் வரும் ஹோஸ் கண்ணாடி மாதிரி இருந்தால் அதில் குமிழி ஓடுகிறதா என்றும் பாருங்கள், வாஷர் ஒன்று விட்டிருந்தாலும் காற்று இழுக்கும். ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு எதற்கு இருக்கிறது என்று தெரியாமலே வண்டியை விற்றவர்கள் இருக்கிறார்கள், அதை அவ்வப்போது திறந்து வடியுங்கள்.

வேக்குவம் பம்ப் என்று இன்னொன்று. டீசல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் தருவது அது. பல மாடல்களில் டர்போவையும், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆரையும் இயக்குவதும் அதே வேக்குவம்தான். ஆகவே டர்போ வேலை செய்யவில்லை, இழுவை இல்லை, கூடவே பிரேக் மிதியும் கல் மாதிரி இறுகியிருக்கிறது என்றால் டர்போவைக் கழற்றும் முன் வேக்குவம் பம்பையும் அதன் ஹோஸையும் பாருங்கள். பிரேக் இறுகியிருந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

---

சார்ஜ்வண்டி:

ஒரு சின்னச் சேர்க்கை. பல ஹைபிரிட் வண்டிகளில் வாட்டர் பம்ப் மின்மோட்டாரில் ஓடும், 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் இன்ஜினுக்கு வெளியே பெல்டே கிடையாது. அவற்றில் பம்ப் நிற்கும்போது கிரீச் என்ற சத்தமோ ஆட்டமோ முன்கூட்டி வராது, திடீரென்று எச்சரிக்கை வரும். அதனால் ஸ்கேனரில் பம்ப் வேகத்தைப் பார்ப்பதும் குறித்த காலத்தில் கூலண்ட் மாற்றுவதும்தான் நம் கையில் இருப்பது. மாற்றிய பிறகு காற்றை முழுசாக வெளியேற்றாவிட்டால் புது பம்பும் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும்.

---

தூரப்பயணி:

எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஸ்பேனர்கை அண்ணா எழுதியதை மெக்கானிக்கிடம் காட்டினேன். கோபப்படுவாரோ என்று பயந்தேன், அவர் உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டு, சரி அளந்தே பார்த்துவிடுவோம் என்றார். ட்ரிம் ஐட்லிங்கில் பிளஸ் 4, ஏற்றத்தில் பிளஸ் 22. கேஜ் மாட்டி ஓட்டினோம், நான் முன் சீட்டில் கேஜைப் பார்த்தபடி இருந்தேன். நிற்கும்போது 3.8 பார். மிதித்தால் 3.2, 2.9, பிறகு வெட்டு ஆரம்பிக்கும்போது 2.4. அந்த முள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தபோது பம்ப்தான் என்று எனக்கே நிச்சயமாகிவிட்டது.

ஆனாலும் வோல்டேஜ் பார்க்காமல் விட மாட்டேன் என்று நின்றேன். பின் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, மாட்டியபடியே அளந்தோம். பேட்டரியில் 14.1. பம்பில் 11.3. அவர் ஒன்றும் பேசாமல் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். நான்கு பின்னில் ஒன்று மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக் டீ கறை போல மஞ்சளாகி, ஓரம் லேசாக உருகியிருந்தது. எர்த் பின். அந்த ஒரு இடத்தில் மட்டும் 2.5 வோல்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

கனெக்டரை மாற்றியதும் பம்பில் 13.7 வந்தது. கையோடு ஸ்ட்ரெயினரையும் எடுத்துப் பார்த்தோம், அழுக்குதான், அதையும் மாற்றினோம். இப்போது அதே ஏற்றம், அதே நான்கு பேர், ஏசியோடு, 3.7-க்குக் கீழே இறங்கவில்லை. பி0171 திரும்ப வரவில்லை.

ஆயில் விஷயத்தில் தப்பு என் பக்கம். போன தடவை அவசரத்தில் வேறு இடத்தில் ஆயில் மாற்றினேன், புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று இருக்க அங்கே அதைவிட மெல்லிய 0டபிள்யூ-20 ஊற்றியிருக்கிறார்கள், ரசீதைப் பார்க்கவே இல்லை. டிப்ஸ்டிக்கில் மட்டமும் அரை லிட்டருக்கு மேல் குறைவு. சரியான ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடான பின் கேஜில் ஐட்லிங்கில் 1.2 பார், 3000 ஆர்பிஎம்மில் 3.5. ஆயில் பம்பை அவர் தொடவில்லை.

வாட்டர் பம்ப் மட்டும் உண்மையிலேயே போயிருந்தது. நீர்வழி சொன்ன அந்தச் சின்ன ஓட்டையில் இருந்து கறை நேர்கோடாக இறங்கியிருந்தது, கழற்றிச் சுற்றினால் பேரிங் கரகரவென்றது. எங்களுடையது டைமிங் பெல்ட்தான், பெல்ட், டென்ஷனர், கூலண்ட் எல்லாம் சேர்த்து மாற்றிவிட்டோம்.

காலையில் செல்ஃப் நீளமாக அடிப்பது மட்டும் போகவில்லை. நிறுத்திய ஒரு மணி நேரத்தில் 3.8-இல் இருந்து 0.5-க்கு இறங்கிவிடுகிறது. இரண்டு முறை சாவியை ஆன் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறது. செக் வால்வுக்காக மட்டும் முழு செட்டை மாற்ற வேண்டுமா, இப்படியே ஓட்டலாமா?

---

ஸ்பேனர்கை:

படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது, உங்கள் மெக்கானிக்குக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிரஷர் இறங்குவது பம்ப் பக்கம் போகிறதா, இன்ஜெக்டர் வழியாக சிலிண்டருக்குள் சொட்டுகிறதா? பம்பை ஓட விட்டு நிறுத்தியதும் ரெயிலுக்கு வரும் ஹோஸை அதற்கான கிளாம்ப் போட்டு இறுக்குங்கள் (பிளாஸ்டிக் பைப்பாக இருந்தால் நசுக்காதீர்கள், ஷட்-ஆஃப் வால்வ் உள்ள அடாப்டர் மாட்ட வேண்டும்). பிரஷர் அப்படியே நின்றால் செக் வால்வ். கிளாம்ப் போட்ட பிறகும் இறங்கினால் இன்ஜெக்டர் கசிகிறது, அதை விட்டு வைக்கக் கூடாது, பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும், ஆயில் நீர்த்துப் போய் அதே விளக்கு மறுபடி மினுக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் தெரிந்துவிடும்.

செக் வால்வ்தான் என்றால் சாவியை இரண்டு முறை போட்டு ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது. புது கனெக்டரை மட்டும் ஆறு மாதம் கழித்து ஒருமுறை கழற்றிப் பாருங்கள். எர்த் பின் மறுபடி பழுப்பாக ஆரம்பித்திருந்தால் மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம், அப்போது பம்பை மாற்றலாம்.

---

தூரப்பயணி:

கிளாம்ப் போட்டுப் பார்த்தோம் அண்ணா, ஒரு மணி நேரம் கழித்தும் 3.6-இல் நிற்கிறது. டிப்ஸ்டிக்கிலும் பெட்ரோல் வாசனை இல்லை. கனெக்டரைப் பார்க்க வேண்டிய தேதியை சர்வீஸ் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டேன்.